வில்லனுக்கு வைத்த பொட்டு

போன மாதம் ஹரிணி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். நாற்காலி என்பது பெயருக்குத்தான். எங்கள் வேலையில் அதில் உட்கார்ந்தவர்கள் குறைவு.

"மேடம், தொந்தரவு பண்றேனா?"

"ரிடையர் ஆனவளுக்கு என்னம்மா தொந்தரவு? இரு, பால் பொங்குது, அணைச்சிட்டு வரேன்."

அணைத்துவிட்டு வந்து கேட்டேன். கம்பெனியில் புதிதாக ஒரு சாப்ட்வேர் வாங்கியிருக்கிறார்களாம். நமக்குப் பொருள் செய்து தரும் சப்ளையர்களுக்கு நாம் இத்தனை வருடமாகப் போட்டு வைத்த விதிகளையெல்லாம் அது படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறதாம். காரணம் இல்லாத விதியை எடுத்துவிடச் சொல்கிறதாம். மருமகள் வந்ததும் சமையலறை அலமாரியைக் காலி செய்வது மாதிரிதான். பெரும்பாலானவற்றுக்கு ஹரிணியே காரணம் எழுதிவிட்டாள். இரண்டு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கசிவுச் சோதனைக்கு வைத்திருக்கும் சிவப்புப் பெட்டியைப் பண்டிகைக்கு முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது ஒன்று. அந்தப் பூட்டின் சாவித் துவாரத்துக்கு மேல் டேப் ஒட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

"பூட்டறது கூட ஏதோ புரியுது மேடம். சாவி ஓட்டைக்கு எதுக்கு டேப்பு? குஜராத் சப்ளையர்கூட ஒழுங்கா ஒட்டறாங்க. ஏன்னு கேட்டா, சென்னையில சொன்னாங்கன்றாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது. சாப்ட்வேர் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஹரிணி படிக்கட்டும்.

டிப்ளமோ முடித்ததும் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன். தாம்பரத்தில் ரயில் பிடித்தது, அளவுகோல் பிடிக்கக் கற்றது, போர்மேனிடம் திட்டு வாங்கியது, பிறகு போர்மேனையே திட்டியது, நடுவில் கல்யாணம், பிள்ளை என்று அந்த வருடங்கள் ஓடின. அவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தலை பாதி நரைத்த பிறகுதான் பாட்டரி கம்பெனிக்கு வந்தேன்.

மொட்டை மாடியில் சோலார் பலகை போட்டவர்கள் பகலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு பாட்டரிப் பெட்டி. அதுதான் எங்கள் பொருள். பூமியைக் காப்பாற்றும் வேலை என்று நேர்காணலில் சொன்னார்கள். பூமியைக் காப்பாற்றுகிறவர்கள் ஏசி அறையில் இருந்தார்கள். பெட்டிக்கு மூடி ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. மாடியில் மழையில் கிடக்கப் போகிற பெட்டி. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் பாட்டரி போயிற்று. ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கெங்கே நுழையும் என்று எங்கள் தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஏசி அறையில் செய்த முதல் பெட்டி அற்புதமாக இருந்தது. அதை மந்திரி ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூடியின் திருகாணிகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதை வடிவமைத்த இளைஞரிடம் கேட்டேன்.

"கொஞ்சம் டைட்டா, ஆனா ரொம்ப டைட் இல்லாம, மேடம். கைக்கே தெரியும்."

"அப்ப ஒவ்வொரு பெட்டியோடயும் உங்க கையையும் அனுப்பணுமே" என்றேன். அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் வேலை முழுவதும் அதுதான். ஒருவர் ஒரு தடவை செய்ததை, அவர் பெயர்கூடத் தெரியாதவர்கள் தினமும் லாரி நிறையச் செய்யும்படி மாற்ற வேண்டும்.

கோவிலம்பாக்கத்தில் ஒருவர் மூடிக்கு ரப்பர் வளையம் செய்து தர முன்வந்தார். அவர் அனுப்பிய சாம்பிள்கள் ஜவுளிக்கடை அட்டைப் பெட்டியில், மெல்லிய தாள் சுற்றி, நகை மாதிரி வந்தன. ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்து வந்த மூட்டையைப் பிரித்தால் ஒரு வளையமும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. நேரில் போய்க் கேட்டேன். சாம்பிளை மட்டும் முதலாளியே ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து செய்தாராம்.

"பொண்ணு பாக்க வராங்கன்னா பஜ்ஜி சொஜ்ஜி போடறோம் மேடம். தினமும் அதையா சாப்பிடறோம்?" என்று என்னையே கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து யார் நீட்டும் சாம்பிளையும் நான் வாங்கியதில்லை. கூடைக்குள் நானே கைவிட்டு எடுப்பேன்.

எங்கள் மேலாளர் பத்மநாபன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "வாங்க" என்பவர் "தயவுசெய்து வாங்களேன்" என்றால் யாருக்கோ ஆபத்து. சீரக வெந்நீர் போட்ட ப்ளாஸ்க் எங்கே போனாலும் கூடவே வரும். யார் வெளியில் டீ கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார், குடிக்க மாட்டார். யாராவது எதையாவது உறுதியாகச் சொல்லிவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்:

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்திலேயே நாம் சொன்னது செத்துவிடும். இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் ஒழுங்காக வேலை கற்றேன். இன்றைக்கும் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாயிற்று என்று என் கணவர் சொன்னால் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

இன்னொன்றும் சொல்வார். ஏதாவது தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும், கடைசி பதில் ஒரு ஆளின் பெயராக இருக்கக் கூடாது, முறையில் உள்ள ஓட்டையாக இருக்க வேண்டும் என்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஓட்டை எப்போதும் சப்ளையர் வீட்டுக் கூரையில்தான் இருக்கும். எங்கள் கூரையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

பெட்டியைச் செய்து தர நான் கொண்டு வந்தவர் ஜெபராஜ். மாடம்பாக்கம் தாண்டி ஒரு சந்தில் அவருடைய பட்டறை. அதுவரை பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாய் தாங்கிகள் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனியின் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்தார். வருங்காலம் பாட்டரிதான் என்று நாங்கள் திரையில் போட்டுக் காட்டிய படங்களைப் பார்த்தார். அந்தப் படங்களை உண்மையாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். திரும்பிப் போனதும் பழைய வேலையை விட்டுவிட்டு, அந்த இடத்தில் எங்கள் பெட்டிக்கு வெல்டிங் மேடையும் கசிவுச் சோதனை இயந்திரமும் போட்டுவிட்டார். பழைய வாடிக்கையாளர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆர்டர் கைநழுவினால் ஜெபராஜ் திரும்பிப் போக இடம் இல்லை. அவரை நம்பிப் பட்டறையில் வேலை பார்த்த பெண்களுக்கும் இல்லை. இது எனக்கும் தெரியும், பத்மநாபன் சாருக்கும் தெரியும். வடக்கே ஒரு பெரிய கம்பெனி அதே பெட்டியைச் செய்து தரத் தயாராக நின்றதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தச் சோதனை இயந்திரம் சாதுவானது. பெட்டியை மூடி உள்ளே காற்றை அடைக்கும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். காற்று குறையாவிட்டால் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பு. ஆனால் இயந்திரம் உண்மை சொல்கிறது என்பதற்கு யார் ஜாமீன்? அதற்காகத் தினமும் காலையில் இரண்டு பெட்டிகளை அதில் வைத்துப் பார்ப்போம். ஒன்று கசியவே கசியாது என்று உறுதியான பெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்தது. இன்னொன்று நாங்களே வேண்டுமென்று முகப்பின் நடுவில் தலைமுடி பருமனுக்கு ஓட்டை போட்ட பெட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்தது. பச்சை தேற வேண்டும், சிவப்பு தோற்க வேண்டும். அப்போதுதான் அன்றைய வேலை தொடங்கும். இயந்திரத்தை ஓட்டிய மகேஸ்வரி பச்சைக்கு ஹீரோ என்றும் சிவப்புக்கு வில்லன் என்றும் பெயர் வைத்தாள். ஒரே வாரத்தில் பத்மநாபன் சாரே வில்லன் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமியன்று, முழு வேகத்தில் ஓட்டிக் காட்டும் சோதனை ஓட்டம் என்று முடிவானது. அன்று ஓட்டிக் காட்டிவிட்டால் ஆர்டர் ஜெபராஜுக்கு. பூஜைக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று ஜெபராஜ் பத்மநாபன் சாரைக் கூப்பிட்டார்.

ஜெபராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பட்டறையில் பூஜைக்கு வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, சுண்டல் என்று எதையும் குறை வைக்க மாட்டார். எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, சந்தனம் குங்குமம் பக்கம் மட்டும் போகாமல், கதவோரம் கைகட்டி நிற்பார். வருடா வருடம் அவருடைய இடம் அது. பெண்களுக்கும் பழக்கம். "நீங்க அங்கியே நில்லுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்பாள் மகேஸ்வரி.

அன்றும் அப்படித்தான். வெல்டிங் மெஷினுக்குப் பொட்டு, சோதனை இயந்திரத்துக்குப் பொட்டு, ஹீரோவுக்குப் பொட்டு, டீ கெட்டிலுக்குப் பொட்டு, ஜெபராஜின் ஸ்கூட்டருக்கும் பொட்டு. பத்மநாபன் சார் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்றா என்று ஆய்வு செய்துகொண்டே வந்தார். வில்லன் முன்னால் நின்றார்.

"இது விட்டுப்போச்சே?"

"அது கெட்ட பீஸு சார். அதுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் மகேஸ்வரி.

"கெட்டதுன்னு ஒதுக்கக் கூடாதும்மா. இது இல்லன்னா நல்லது எதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு, மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, வில்லனின் நட்ட நடு நெற்றியில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். மேலே குங்குமம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பொரிப் பொட்டலத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை பத்மநாபன் சார், நான், ஜெபராஜ் மூவரும் இயந்திரத்தின் முன்னால் நின்றோம். ஹீரோவை வைத்தார்கள். பச்சை விளக்கு. வில்லனை வைத்தார்கள். மறுபடியும் பச்சை.

"மேடம், வில்லன் பாஸாயிட்டான்" என்றாள் மகேஸ்வரி.

பூஜையின் மகிமை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஓட்டைப் பெட்டியை நல்ல பெட்டி என்று சொல்லும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பெட்டிகூடச் செய்யக் கூடாது, அது எங்கள் விதி. குழாய்களைக் கழற்றி மாட்டினோம். ரப்பரை மாற்றினோம்.

"ஒயரு, டியூப்பு எல்லாம் கரீட்டா கீது மேடம். இன்னா பேஜார் இது, பூஜையும் அதுவுமா" என்று மகேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இயந்திரத்தை விற்ற கோயம்புத்தூர்க்காரரைப் போனில் பிடித்தோம். அளவை இன்னும் கறாராக வையுங்கள் என்றார். வைத்தோம். வில்லன் தேறினான். இன்னும் கறாராக வைத்தோம். அப்போதும் தேறினான். இன்னும் ஒரு தடவை வைத்ததில் ஒருவழியாக வில்லன் தோற்றான். கூடவே ஹீரோவும் தோற்றான். முந்தின வாரம் நன்றாக இருந்த பெட்டிகளை எடுத்து வைத்தால் அவையும் வரிசையாகத் தோற்றன. பட்டறை மூலையில் நல்ல பெட்டிகள் குப்பை மாதிரி குவிய ஆரம்பித்தன.

பத்மநாபன் சார் ப்ளாஸ்கை மூடினார்.

"ஜெபராஜ் அவர்களே, தயவுசெய்து தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நாள் மெஷின் தூங்கிட்டு இருந்திருக்கு. இப்பதான் முழிச்சிருக்கு. உங்க வெல்டிங்லதான் கசிவு."

'அவர்களே' என்று சொல்லிவிட்டார். ஜெபராஜுக்கும் விளங்கிவிட்டது. தன் பெட்டி ஒன்றை எடுத்து, வெல்டிங் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். எங்கள் படங்களை நம்பியதைத் தவிர அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போனால் சாயங்காலத்துக்குள் வடக்கே ஆர்டர் போய்விடும்.

"சார், வெல்டிங்ல கசியறத பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

கேட்டது நான்தான். அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படிப் பார்க்கறது?"

"சைக்கிள் டியூப்ல பஞ்சர் பார்க்கற மாதிரி. தண்ணியில முக்கிப் பார்ப்போம்."

இவ்வளவு செலவு செய்து வாங்கிய இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பஞ்சர் கடை வேலையைச் சொன்னதற்கு அவர் முகம் சுளித்தார். ஆனாலும் மறுக்கவில்லை. பெண்கள் கை கழுவும் நீல டிரம்மை இழுத்து வந்தார்கள். முதலில் ஜெபராஜின் பெட்டி. காற்றை அடைத்து முக்கினோம். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு குமிழி இல்லை. அடுத்தது இன்னொன்று. அதிலும் இல்லை. வெல்டிங் சுத்தமாக இருந்தது.

"அப்ப வில்லனையும் முக்குங்க" என்றார் பத்மநாபன் சார்.

காற்று அடைத்த பெட்டி மிதக்கப் பார்த்தது. ஜெபராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். ஒன்றும் இல்லை. நாங்களே போட்ட ஓட்டையிலிருந்து ஒரு குமிழி வரவில்லை. எல்லோரும் டிரம்மைச் சுற்றிக் குனிந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் சிவப்பாக ஏதோ கரைந்தது. அதன் பின்னால் மஞ்சளாகக் கலங்கியது. கும்மென்று சந்தன வாசனை. அப்புறம் பொளுக்கென்று ஒரு குமிழி. அதைத் தொடர்ந்து வரிசையாக, நிற்காமல்.

இயந்திரம் சரி. பெட்டி சரி. வெல்டிங் சரி. வில்லனின் ஓட்டையை மட்டும் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்தப் பொட்டு எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. பட்டறை முழுக்கப் பொட்டு. பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, அதனால் யாரும் பார்க்கவும் இல்லை.

குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

"யார் வச்ச பொட்டு இது?" என்றார் பத்மநாபன் சார். மறந்து கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான்தான் சார் வச்சேன்" என்றார் ஜெபராஜ். கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அந்தப் பட்டறையில் இருந்தவர்களிலேயே பொட்டு வைத்திருக்க முடியாத ஒரே ஆள் அவர். வாடிக்கையாளர் முகம் வாடக் கூடாது என்று, பிழைப்பையே பறிக்கக்கூடிய ஒரு பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். எனக்குக் கோபமாக வந்தது. பத்மநாபன் சார் மேலா, ஜெபராஜ் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சார், அவர் வைக்கல" என்றேன்.

பழக்க தோஷம். உடனே வந்தது கேள்வி. "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"பார்த்தேன் சார். அவர் கதவுகிட்ட கைகட்டி நின்னுட்டு இருந்தார்."

"அப்ப யார் வச்சாங்கன்னும் பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன் சார்."

ஐந்து ஏன் கேட்காமல் ஒரு நாளும் விட்டதில்லை அவர். அன்று அதற்கு மேல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு தன் மோதிர விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அளவைப் பழையபடி வைங்க. லைனை ஓட்டுங்க" என்றார். அப்புறம் ஜெபராஜ் நீட்டிய டீயை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக, முழுக்கக் குடித்தார்.

லைன் ஓடியது. ஆர்டர் மாடம்பாக்கத்திலேயே தங்கியது. அன்று நடந்ததைப் பற்றிய அறிக்கையைப் பத்மநாபன் சார் என்னை எழுத விடவில்லை, தானே எழுதினார். கடைசி ஏன் என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: சிறப்பு விருந்தினருக்கு எதைத் தொடக் கூடாது என்று சொல்லித்தர நம்மிடம் முறை இல்லை. பெயர் இல்லை, அது அவருடைய கொள்கை. ஆனால் எனக்குத் தெரிந்து, ஓட்டை முதல் தடவையாக எங்கள் கூரையில் இருந்தது. வில்லனைப் பூட்டி வைக்கும் விதி அப்படித்தான் பிறந்தது, ஹரிணி. குஜராத் வரைக்கும் போயிருக்கிறது என்றால் சந்தோஷம்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருட ஆயுத பூஜைக்கும் பத்மநாபன் சாரைக் கூப்பிட்டார்கள். வந்தார். வில்லன் விதிப்படி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தான். மகேஸ்வரி சந்தனக் கிண்ணத்தை நீட்டியதும் சார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவோரம் நின்ற ஜெபராஜைப் பார்த்தார்.

"நீங்க வைங்களேன்."

ஜெபராஜ் தயங்கினார். பிறகு கதவோரத்தை விட்டு வந்து கிண்ணத்தை வாங்கினார். சுற்றிலும் பார்த்துவிட்டு நேராகப் பீரோவுக்குப் போய், பூட்டின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். முதல் தடவை இல்லையா, சந்தனம் எவ்வளவு எடுப்பது என்று தெரியவில்லை.

"என்ன சார் இது, புதுசா?" என்று மெல்லக் கேட்டேன்.

"போன வருசம் நான்தான் வச்சேன்னு பொய் சொல்லிட்டேன் மேடம். ஒரு வருசமா ஜெபத்துல உக்காந்தா அதான் முன்னால வந்து நிக்குது. இப்ப வச்சிட்டேன். சரியாப் போச்சு."

பத்மநாபன் சாருக்கு அது கேட்டது. கண்ணாடியைக் கழற்றினார். அன்று அவர் துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

மறுநாள் காலை நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது மகேஸ்வரியிடமிருந்து போன்.

"மேடம், பீரோல சாவி போவல. ஓட்டையில சந்தனம் காஞ்சி கெட்டியாயிட்டு கீது. வில்லன் உள்ளாற மாட்டிக்கினான். லைனு நிக்குது."

"ஐயையோ. ஜெபராஜ் சார் என்ன சொல்றார்?"

"அவுரா? 'நான்தான் வச்சேன், நான்தான் வச்சேன்'னு எல்லார்கிட்டயும் சிரிச்சிக்கினே சொல்லினு கீறாரு மேடம்."

இந்தத் தடவை அது உண்மை.